தோற்கப்போகும் ஏழு ஜோடிகள்

எங்கள் ஊர் மாட்டுவண்டிப் பந்தயத்தில் முதல் நாள் மாலை ஒரு சடங்கு உண்டு. மறுநாள் ஓடப்போகும் ஜோடிகளைப் பற்றி ஒருவர் மைக்கில் கணிப்புச் சொல்ல வேண்டும். எந்த மாடு எப்படி, எது முந்தும், எது பாதியில் மூச்சு வாங்கும் என்று. அதை யாராவது செல்போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் விட, விடிவதற்குள் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். அந்த ஒருவராகச் சில வருடம் நான் இருந்தேன். கவிதை மாதிரி எதையோ எழுதுகிறவன், வேறு எதற்கும் ஆகமாட்டான் என்று கமிட்டி என்னைக் கணித்திருந்தது. இந்தப் பந்தயத்தைப் பற்றிய கணிப்புகளில் இதுவரை பொய்க்காதது அது ஒன்றுதான்.

சின்ன மாடுகளுக்கு இங்கே குருவிப் பெயர். வயதும் உயரமும் பார்த்து தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான் என்று பிரிப்பார்கள். மாட்டைக் குருவி என்று கூப்பிடத் தெரிந்த ஊரில் எனக்கு என்ன வேலை என்று யோசித்ததுண்டு. யோசித்துக்கொண்டே எழுதவும் செய்தேன்.

ஒரு வருடம் கரிச்சான் பிரிவில் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், ஒரு ஜோடி பூட்டினார். இடப்பக்கம் கட்டும் வெள்ளைக்காளை மேல் எனக்கு ஒரு மயக்கம். மைக்கில் சொன்னேன்: 'மேற்கு மலையில் மழை கிளம்பி வயலுக்கு வருவதற்குள் ஒரு வாசம் வருமே, அந்த வாசத்துக்குக் கால் முளைத்தால் இந்த இடது மாடு.' கூட்டம் கைதட்டியது. மறுநாள், கொடி நட்ட இடத்தில் திரும்பி எல்லா வண்டிக்கும் முன்னால் வந்துகொண்டிருந்த அந்த மாடு, பாதி வழியில் சாலையை விட்டு இறங்கி, ஜோடியையும் வண்டியையும் சாரதியையும் இழுத்துக்கொண்டு ஒரு திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்து, நின்று, நிதானமாகத் தழை தின்றது.

அந்தப் பந்தல் மச்சானின் கூட்டாளியுடையது. கவாத்து வெட்டிய தழையை மச்சான் தினமும் அங்கேதான் அந்த மாட்டுக்குப் போடுவார். மாடு தன் சாப்பாட்டுக் கடைக்குப் போனது, அவ்வளவுதான். ஊர் அப்படிப் பார்க்கவில்லை. கண் பட்டுவிட்டது என்றது. கண்கூட இல்லை, வாய். என் வாய். மச்சான் பந்தலுக்குள் நின்றபடி சொன்னது சாலைவரை கேட்டது.

"மழை வாசமாம்ல. மாட்டையே முழுங்கிட்டானே இந்தப் பய."

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அடுத்த தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம் வைத்தோம். தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்துவர வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே மாமன். கல்யாணத்துக்கு முன்னால் வரும் அந்த வருடப் பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, அண்ணனை அழைக்கப் போன என் மனைவி ஒரு நிபந்தனையோடு திரும்பி வந்தாள்.

"அண்ணன் இந்த வருசமும் அதே ஜோடியத்தான் பூட்டப்போறாகளாம். நீங்க அதப்பத்தி நல்லதா ஒரு சொல்லு சொன்னாலும் கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டாக."

"அப்ப அந்த ஜோடியச் சொல்லாம விட்டுர்றேன்."

"விட்டாலும் வரமாட்டாகளாம். சொல்லாம விட்டா, மனசுக்குள்ள மெச்சுறீகன்னு அர்த்தமாம்."

"பின்ன என்னதான் செய்ய?"

"வையுங்க. வாய் நெறைய வையுங்க. எம்புள்ள மாமன் கையப் பிடிச்சு மேடைக்கு வரணும். எனக்கு அது போதும்."

செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. அந்தப் பத்து நாளும் மாட்டுக்காரர்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். மற்ற ஊர்ப் பந்தயங்களில் கணிப்புச் சொல்கிறவனிடம் போய் என் பெயரை முதலில் சொல் என்று கேட்பார்களாக இருக்கும். இங்கே கடைசி இடத்துக்கு அடிதடி. பக்கத்துக் கிறிஸ்தவ ஊரிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். அறிவியல் பாடம் எடுக்கிறவர், மாடும் வைத்திருக்கிறார்.

"எனக்கு இந்தக் கண்ணு, காத்துலயெல்லாம் நம்பிக்கை கிடையாது சார்," என்றார்.

"நல்லது சார்."

"சுத்த மூடநம்பிக்கை. பிள்ளைகளுக்கே சொல்லித்தர்றேன்." காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நம்ம மாட்டுக்கு முட்டி வீக்கம்னு மட்டும் சொல்லிருங்க."

அவருக்குப் பின்னால் ஓர் ஏலக்காய் வியாபாரி, கையில் பொட்டலத்தோடு. அவர் ஜோடிதான் மச்சானுக்கு நேர் போட்டி. குரலைத் தாழ்த்தினார்.

"எங்கள வையக்கூட வேணாம்ணே. உங்க மச்சான் மாட்ட மட்டும் அன்னைக்கு மாதிரி ஒரே ஒரு வரி. அந்த மழை வாசத்துக்குக் கால் மொளைச்சுச்சுல்ல, அது மாதிரி."

வீடு முழுக்க ஏலக்காய் மணத்தது. என் வரி ஒன்றை மனப்பாடமாக வைத்திருந்த முதல் வாசகர் அவர். பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது.

உண்மையில் எனக்கு ஒரு கணிப்பு இருந்தது. உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாதவன் நான். காலையில் வாய்க்கால் கரையில் நடப்பேன். மலையடிவாரத்து லோயர் கேம்பிலிருந்து வரும் தண்ணீர் எங்கேயோ அவசரமாகப் போகும், நானும் அப்படித்தான். எதிரே மச்சான் மாடு பழக்கிக்கொண்டு வருவார். என்னைப் பார்த்ததும் துண்டை உதறி இடது மாட்டின் முகத்தை மறைப்பார். முகத்தை மறைக்கலாம், ஓட்டத்தை எந்தத் துண்டால் மறைப்பது? வலது மாடு அடியை அளந்து வைக்கும். இடது மாடு அந்த அளவைக் கலைத்துக் கலைத்து ஓடும். இரண்டும் ஒரே மூச்சுக்கு வரும் ஒரு கணம் உண்டு. அப்போது வண்டிச் சத்தமே கேட்காது. கரிச்சான் பிரிவின் ஏழு ஜோடியில் ஜெயிக்கப்போவது அதுதான். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏழில் ஒன்றைக்கூட விடக்கூடாது என்று கமிட்டிச் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாலையில் மைக்கைப் பிடித்தேன். முதல் ஜோடிக்கு மூச்சு போதாது. இரண்டாவது ஜோடி, பேச்சுவார்த்தை இல்லாத தம்பதி. வாத்தியார் மாட்டுக்கு முட்டி வீக்கம்; அவர் கூட்டத்தில் நிம்மதியாகத் தலையாட்டினார். ஏலக்காய்க்காரர் மாடு ஏற்றத்தைக் கண்டால் சிந்தனையில் ஆழ்ந்துவிடும். இப்படியே ஆறு. டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அப்ப நாளைக்கு யாருதாம்ப்பா ஜெயிப்பா? நாங்க எறங்கி ஓடவா?"

ஏழாவது மச்சான். கூட்டத்தின் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தாளைப் பார்த்து வாசித்தேன். வலது மாடு சோம்பேறி. இடது மாட்டுக்குக் கவனம் கிடையாது, சாப்பாட்டு ராமன். திமில் சுமார். வால் சுமாருக்கும் கீழே. மச்சான் முகம் மலர்ந்தது.

அதற்கு அடுத்த வரியில் 'ஆனாலும்' என்று இருந்தது. எப்போது எழுதினேன் என்று தெரியவில்லை. கை தன் பாட்டுக்கு எழுதியிருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். மைக் அதை வாய்க்கால்வரை கொண்டுபோனது. ஏலக்காய்க்காரர் கழுத்தை நீட்டினார். மச்சான் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பெண்கள் நின்ற பக்கம் நான் பார்க்கவில்லை.

"ஆனாலும்," என்றேன் மறுபடி, "அந்த மாட்டுக்கு லாடம்கூடச் சரியில்லை."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மறுநாள் காலை அந்தத் திராட்சைப் பந்தலுக்கு எதிரே போய் நின்றேன். சாலையோரம் பந்தலின் நீளத்துக்குப் பச்சை வலை கட்டியிருந்தது. நாற்றுப் பண்ணைகளில் நிழலுக்குக் கட்டுவார்களே, அந்த வலை, ஆள் உயரத்துக்கும் மேலே. புத்தம் புதுசு. உள்ளே ஒரு இலைகூடத் தெரியவில்லை.

வண்டிகள் கொடியைத் திரும்பி வந்தன. மச்சான் ஜோடியும் ஏலக்காய்க்காரர் ஜோடியும் கொம்புக்குக் கொம்பு சமமாக. பந்தல் வந்ததும் இடது மாடு தலையைத் திருப்பியது. சுற்றி நின்றவர்கள் மாட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் என் வாயையே பார்த்தார். நான் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டேன். மாடு வலையைப் பார்த்தது. வலையில் தின்ன ஒன்றுமில்லை. ஓடியது. அரை வண்டி நீளத்தில் ஜெயித்தது.

மச்சான் கழுத்து மாலையோடு என்னைத் தேடி வந்தார். ஒரு வருடம் கழித்து முதல் பேச்சு.

"பாத்தியா மாப்ள. நீ வாய அடக்குனா என்ன நடக்குதுன்னு."

"அங்கன பந்தல்ல வலை கட்டியிருக்கே மச்சான்."

"அதா? ஆடு மேயுதுன்னு கட்டுனது."

"ஆடு ரோட்டுப் பக்கம் மட்டுந்தான் மேயுதா?"

அவர் தூரத்தில் மலையைப் பார்த்தார். "புள்ளைக்கு மாலை சொல்லியாச்சு. தேனியிலருந்து வருது. மத்ததப் பேசாத."

கல்யாணத்துக்கு எல்லாருக்கும் முன்னால் வந்தார். மண்டப வாசலில் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"மைக்க வாங்கிப் புள்ளயப் பத்தி வாழ்த்துக் கீழ்த்துன்னு எதாச்சும் எடுத்துவிட்றாத மாப்ள. நல்லா இருக்கட்டும் அது."

எழுதி வைத்திருந்தேன். மாதக்கணக்கில் எழுதி, அடித்து, எழுதியது. அதைப் பையிலேயே விட்டுவிட்டு மைக்கை வாங்கினேன்.

"என் மகளுக்குக் காலையில் எழுந்திருக்க வராது," என்றேன். "வைக்கிற ரசத்தில் உப்பு நிற்காது. கோபம் வந்தால் கதவு தாங்காது. நடை சுமார்."

மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சான் அவள் கையைப் பிடித்தபடி ஒவ்வொரு வரிக்கும் திருப்தியாகத் தலையாட்டினார். அவள் தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆனாலும்," என்று ஆரம்பித்தேன். மச்சான் நிமிர்ந்து பார்த்தார்.

மைக்கைக் கொடுத்துவிட்டேன்.