பேசினாரா, பேசியிருந்தாரா

கனடாவுக்குப் போகிறவர்களுக்குப் பிரெஞ்சு தெரிந்தால் நல்லது என்று யாரோ சொல்ல, நாற்பதை நெருங்குகிற வயதில் நானும் என் கணவரும் பிரெஞ்சு படிக்கச் சேர்ந்தோம். அவர் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறார். நான் ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஞாயிறு மட்டும்தான் லீவு. புதுச்சேரியில் எங்களுக்குத் தோதான வகுப்பு எல்லாம் வாரநாளில் இருந்தது. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை சொல்லித்தர ஒரு டீச்சர் திண்டிவனத்தில் கிடைத்தாள். புதுச்சேரிப் பெண், கல்யாணமாகித் திண்டிவனம் வந்தவள். மருந்துக்கடை மாடியில் வகுப்பு. எங்களைவிடப் பத்து வயது சின்னவள் என்பதால் எங்களை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

ஞாயிறு வீட்டில் இருக்கமாட்டோம் என்பதைக் காணை கிராமத்தில் இருக்கிற என் நாத்தனாருக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவருக்கு, சொல்லிவிடும்படி கணவரிடம் சொல்லியிருந்தேன். அவருடைய அக்காதானே, அவர் சொன்னால்தான் முறை. "சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்" என்றார்.

ஒரு ஞாயிறு வகுப்பின் நடுவில் அவருக்குப் போன் வந்தது. எழுந்து மாடிப்படிக்கு ஓடினார். அந்தப் பக்கம் பேசிய குரல் எங்கள் மேஜைவரை கேட்டது. அண்ணி நிலத்தில் விளைந்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, ஒரு மூட்டையோடு பஸ் ஏறி விழுப்புரம் வந்து, எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். வந்த மூட்டை அப்படியே காணைக்குத் திரும்பிப் போனது.

சாயங்காலம் எனக்குப் போன். "ஏம்மா, பூட்டைப் பாக்கவா மூட்டைய தூக்கிக்கினு வந்தேன்?"

போனை வைத்துவிட்டு இவரிடம் போனேன். "அண்ணிகிட்ட சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேனே."

"எப்போ?"

"அது போன் பண்ணப்போ."

"அவங்க வாசல்ல நின்னுக்கினு பண்ணாங்களே, அப்பவா?"

"எப்பவோ ஒண்ணு. சொன்னேன் இல்ல? ஏன் பேஜாரு பண்ற?"

அந்த வாரம் முழுக்க எங்களுக்குள் பேச்சு கிடையாது. டீ வைத்தால் டம்ளர் சத்தம் போட்டு வைப்பேன், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு திண்டிவனம் பஸ்ஸில் நான் முன் சீட்டு, அவர் கடைசி சீட்டு.

டீச்சர் எதுவும் தெரியாமல் சிரித்துக்கொண்டே போர்டில் எழுத ஆரம்பித்தாள். "இன்னிக்குப் புதுசா ஒரு காலம். ஒரு விஷயம் நடந்தப்போ, அதுக்கு முன்னாடியே இன்னொண்ணு நடந்து முடிஞ்சிருந்தா, இதுலதான் சொல்லணும். தமிழ்ல 'பேசினேன்' வேற, 'பேசியிருந்தேன்' வேற இல்லையா, அந்த மாதிரி."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் எடுத்துக்கொண்ட வினையும் 'பேசு'தான். ழாவே பர்லே, நான் பேசியிருந்தேன். து ஆவே பர்லே, நீ பேசியிருந்தாய். இல் ஆவே பர்லே, அவன் பேசியிருந்தான். நூ ஸாவியோன் பர்லே, நாங்கள். வூ ஸாவியே பர்லே, நீங்கள். இல் ஸாவே பர்லே, அவர்கள். 'பர்லே' எங்கேயும் மாறுவதில்லை. முன்னால் இருக்கிற துணைவினைதான் ஆளுக்கு ஒரு வேஷம் போடும்.

"இப்போ ஜோடியா பேசிப் பாருங்க. அண்ணா, நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்க்காமல் போர்டைப் பார்த்துச் சொன்னார். "என் அக்கா வந்தபோது, ழாவே பர்லே." அக்கா வந்ததையும் தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சிலேயே சொன்னார்.

"பிரமாதம் அண்ணா! முதல் தடவையே சரியா வந்துடுச்சு."

"தப்பு," என்றேன்.

"இல்லக்கா, கரெக்டுதான்."

"இலக்கணம் கரெக்ட். சங்கதி தப்பு. இல்லைன்னு சொல்றதுக்கு எப்படிம்மா மாத்தணும்?"

அவள் எழுதிக் காட்டினாள். நான் அவர் பக்கம் திரும்பி, வாரம் முழுக்க அடக்கி வைத்திருந்ததை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "து நாவே பா பர்லே." நீ பேசியிருக்கவில்லை. கட்டின புருஷனை முதல் தடவையாக 'நீ' என்று கூப்பிட்டதில் எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் பாதி புரிந்திருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ழ நாவே பா பர்லே" என்றார். தமிழில் அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்திருக்காத வாக்கியம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பும்போது ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

மறுநாளே அண்ணிக்குப் போன் போட்டு, நல்லா வாங்கிக்கட்டிக்கொண்டு, வரச்சொன்னார். அந்த வாரமே அண்ணி வந்தார். ராத்திரிச் சாப்பாடு முடிந்து நாங்கள் ஒப்பித்துக்கொண்டிருந்தோம். நூ ஸாவியோன், வூ ஸாவியே.

அண்ணி டிவி சத்தத்தைக் குறைத்தார். "இன்னாத்துக்கு ரெண்டு பேரும் சாவி சாவின்னுக்கினு இருக்கீங்க? அன்னிக்கே அந்தச் சாவிய பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போயிருந்தா, நான் ஏன் திரும்பிப் போயிருக்கப்போறேன்?"

இவர் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

சென்னையில் பரீட்சை எழுதினோம். நான் தேறிவிட்டேன். அவருக்குக் கேட்டுப் புரிந்துகொள்கிற பகுதியில் மார்க் போதவில்லை. இருபது வருஷமாக வீட்டில் நான் சொல்வதைக் கேட்டுப் பழகியிருந்தால் தேறியிருப்பார் என்றேன். மறுபடி எழுதப் போகிறார். போன ஞாயிறு அவர் மட்டும் திண்டிவனம் பஸ் ஏறினார். நான் மத்தியானம்வரை தூங்கினேன்.