மூன்று பங்கான ஸ்டீரியோ செட்

தேவதாசன் வாத்தியார் வீட்டுப் பாகப்பிரிவினை இரண்டாயிரத்து ஒன்றில் நடந்தது. வீடு, வயல், பீரோ, பித்தளைப் பாத்திரம் எல்லாம் சண்டையில்லாமல் முடிந்து, கடைசியில் ஸ்டீரியோ செட்டில் வந்து நின்றது. வாத்தியாரோடு கூடப் படித்த மேலப்பாளையம் ஷேக் மைதீன் குவைத்திலிருந்து பம்பாய் வந்து, அங்கிருந்து ரயிலில் பச்சைப் பிள்ளையைப் போலப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்த ஜப்பான் செட் அது. இசைத்தட்டைச் சுழற்றும் பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த கனமான பெட்டி ஒன்று. முழங்கால் உயர ஸ்பீக்கர் பெட்டி இரண்டு.

பங்கு வைக்க வந்திருந்தவர் உடன்குடி மாமா. பிள்ளைகளின் அம்மாவுக்கு நேர் மூத்தவர், கருப்பட்டி மொத்த வியாபாரி. மூன்று பெட்டியையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

"சத்தம் எதுல வருது?"

"இந்த ரெண்டுலயும்தான் மாமா," என்றார் மூத்த மகன் எஸ்றா.

"பையன் ரெண்டு பேரு, சத்தப் பெட்டியும் ரெண்டு. தீந்துச்சு சோலி. சத்தம் வராத பெட்டியப் பொம்பளப்பிள்ளைக்குக் குடுத்திருவோம்."

பொம்பளப்பிள்ளை என்றது நடுவிலவள் ஹெப்சிபாவை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊர் வயரெல்லாம் அவள் விரலுக்கு அடங்கியிருந்த காலம்.

"மாமா, மூணும் சேந்தாதான் அது செட்டு. பிரிச்சா மூணும் வெறும் மரக்கட்ட."

"குடுக்கதே பெருசு. பேசாம வாங்கிக்கோட்டி."

அண்ணன் எஸ்றாவும் தம்பி ஜோஷுவாவும் சிரித்தார்கள். ஹெப்சிபாவுக்குச் சுருக்கென்றது. "எந்தக் காலத்துலயும் நான் வந்து கேக்க மாட்டேன். ஒருநாள் நீங்களே தூக்கிட்டு வருவீய," என்று சொல்லிவிட்டுத் தன் பங்கையும் அப்பாவின் இசைத்தட்டுகளையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

எஸ்றா வீட்டில் ஸ்பீக்கர் பெட்டி லேஸ் துணி போர்த்திப் பூச்சாடி தாங்கியது. ஜோஷுவா வீட்டில் அதன் தலையில் டிவி ஏறியது. ஹெப்சிபாவின் பெட்டி மட்டும்தான் பாடியது. எக்ஸ்சேஞ்சில் காதில் மாட்டிப் பழகியவளுக்கு ஹெட்போன் போதாதா? பெல்ட் அறுந்தபோது மதுரை வரை போய் வாங்கி வந்தாள். முள் தேய்ந்தால் தானே மாற்றினாள். பழைய மல் வேட்டியால் துடைப்பாள். வேறு கை அதன்மேல் படவிடமாட்டாள். கணவர் இருந்தவரை அவரையும் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும், பெட்டியின் பச்சை விளக்கு எரிய, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பாள்.

அதிலும் ஒரு தட்டு. வாத்தியாருக்கு உயிரான இரட்டை நாயனம். இடது பக்கத்து நாயனம் ஒரு கேள்வி கேட்கும். வலது பக்கத்து நாயனம் அதற்குப் பதில் சொல்லும். கேள்வி வளர வளரப் பதிலும் வளரும். இந்தத் தெருவில் இதை முழுசாகக் கேட்டவள் நான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தலை நிமிர்ந்தே இருக்கும்.

போன ஐப்பசியில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காதைக் கொண்டுபோனது. இனித் திறக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஹெட்போனை மாட்டினால் பதில் மட்டும் வந்தது. கேள்வியைக் காணோம். திருப்பி மாட்டினாள், கேள்வி வந்தது, பதில் போனது. அறுபத்தாறு வயதில் முதல்முறையாக அந்தத் தட்டைப் பாதியில் நிறுத்தினாள்.

வழி அவளுக்குத் தெரியும். ஸ்பீக்கர் பெட்டி இரண்டையும் அறையில் வைத்துப் பாடவிட்டால், இருக்கிற ஒரு காதே இரண்டு பக்கத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் கேட்க மாட்டேன் என்று சொன்ன வாய் இருக்கிறதே! இரண்டு வாரம் அந்த வாயோடு மல்லுக்கு நின்றாள். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் எஸ்றா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, ஒன் பெட்டியத் தூக்கிட்டு வீட்டுக்கு வா."

எஸ்றாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஞாபகம் மட்டும் மங்கவில்லை. "கேக்க மாட்டேன்னியேட்டி?"

"இப்பவும் கேக்கல. கூப்பிடுதேன். அப்பா தட்டக் கேக்க வா."

லேஸ் துணியோடு பெட்டி ஆட்டோவில் வந்து இறங்கியது. ஹெப்சிபா புது வயரைப் பல்லால் கடித்து உரித்து மாட்டினாள். முள்ளைப் பைய இறக்கினாள். நாயனம் கிளம்பிய வேகத்தில் எஸ்றா வாயைப் பிளந்தார். பூச்சாடிக்குக் கீழே இருபத்திரண்டு வருஷம் சும்மா கிடந்தது இதுதானா! சட்டென்று நாயனம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி வந்தது, மறுபடி நின்றது.

"என்னட்டி, தட்டு கெட்டுப் போச்சா?"

"தட்டுக்கு ஒண்ணுமில்ல. இவன் கேள்வி கேக்கான். பதில் சொல்லுதவன் ஜோஷுவா வீட்டுல டிவியச் சொமந்துட்டு நிக்கான்."

எஸ்றா முகம் சுருங்கியது. ஒரு காம்பவுண்டுச் சுவர்ச் சண்டையில் அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டு ஒன்பது வருஷம். அவர் எழுந்து வாசல் வரை போனார். நாயனம் இன்னொரு கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றது. ஹெப்சிபா தட்டை நிறுத்தவில்லை. அடுத்த கேள்வியும் பதிலில்லாமல் போனபோது அவர் திரும்பினார்.

"அவன் நம்பரு இருக்கா?"

போட்டுக் கொடுத்தாள். "ஏலே, நான்தான். டிவியக் கீழ எறக்கு," என்றார் எஸ்றா. அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ. "அந்த எழவுச் சுவர அப்புறம் பாப்போம்ல. பெட்டியத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்கு வா!"

அரைமணியில் ஜோஷுவா ஸ்கூட்டரில் வந்தான். பின்னால் அவன் மனைவி பியூலா பெட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். "மைனி, இது பாடுற சாமானா? நான் டிவி ஸ்டாண்டுன்னுல்லா நெனச்சேன்!"

ஹெப்சிபா பெட்டிகளை இரு மூலையிலும் நிறுத்தி, நடுவில் தன் நாற்காலியைப் போட்டாள். தட்டு சுழன்றது. இடது மூலையிலிருந்து கேள்வி புறப்பட்டது. வலது மூலையிலிருந்து பதில் எழும்பி வந்தது. ஒற்றைக் காதுக்குள் இரண்டும் வந்து சேர்ந்தன. அவள் அசையவில்லை. கண் மட்டும் நிறைந்தது.

ஆண்பிள்ளைகளால் எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்?

"பாத்தியால, எம் பெட்டிதான் கணீர்னு பேசுது," என்றார் எஸ்றா.

"ஒம் பெட்டி கேள்விதானண்ணே கேக்குது. பதில் சொல்லத்தான் தெறம வேணும். அது எம் பெட்டி."

ஹெப்சிபா எட்டித் தன் பெட்டியின் குமிழை இடப்பக்கம் திருகினாள். இரண்டு மூலையும் ஒரே நேரத்தில் ஊமையாயின.

"சத்தம் எந்தப் பெட்டியில இருக்குன்னு இப்பச் சொல்லுங்கவே," என்றாள்.

பியூலாதான் முதலில் சிரித்தாள். ஹெப்சிபா நாற்காலியில் நிமிர்ந்து, குமிழை மறுபடி திருகி, தட்டை முதலிலிருந்து போட்டாள்.

சாயங்காலம் கிளம்பும்போது இரண்டு பேரும் பெட்டியைத் தொடவில்லை. எஸ்றா லேஸ் துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டார்.

"அப்போ டிவிய எதுமேல வைக்க?" என்றாள் பியூலா.

"எங்க வீட்டுல ஒரு ஸ்டூல் சும்மாதான் கெடக்கு," என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார் எஸ்றா. "வந்து எடுத்துட்டுப் போலே."