குழாய் இல்லாத கடை

நோட்டீசைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஹெல்த் இன்ஸ்பெக்டர் நாலு இட்லி சாப்பிட்டார். சட்னியை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். அத்தை வைத்திருந்த பானைத் தண்ணீரில் கை கழுவி, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பையைத் திறந்து காகிதத்தை நீட்டினார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. பெஞ்சின் மறுகோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னிடம் கொடுத்து, "இன்னாடா போட்டுக்கீது, படி" என்றாள். நான் அதைப் படிக்கவே தேவையில்லை. முந்தின நாள் நகரசபை ஆபீசில், லைசென்ஸ் பிரிவில் உட்கார்ந்து அதை எழுதியவனே நான்தான். கடையில் குழாய்த் தண்ணீர் இல்லை, ஆகவே சுகாதாரம் இல்லை, ஆகவே லைசென்ஸ் புதுப்பிக்கப்படாது. மனுஷன் தினமும் சாப்பிடுகிற கடையாயிற்றே, எப்படியும் கொடுக்காமல் விட்டுவிடுவார் என்று ஒரு நப்பாசை எனக்கு. அந்த நப்பாசையை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பெங்களூர் ஓரத்தில் எங்கள் பேட்டைக்கு அப்போது தனியாக ஒரு சின்ன நகரசபை இருந்தது. பெயர் வேண்டாம். அத்தை என் அப்பாவின் அக்கா. வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். மாமா மில் வேலையில் இருக்கும்போதே செத்துப்போனார். சந்தை வாசலில் தகரக் கூரை போட்டு அத்தை இட்லிக் கடை வைத்தாள். பொழுது விடிவதற்குள் மூட்டை தூக்குகிறவர்களும் வண்டிக்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். அப்பா, அம்மா இல்லாத என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தது அந்தக் கடைதான். நகரசபையில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்த அன்று சந்தையில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள்.

அந்த நகரசபைக்குத் திடீரென்று ஹோட்டல் நடத்தும் ஆசை வந்தது. ஏழைத் தொழிலாளிக்கு மலிவாக, சுத்தமாகச் சாப்பாடு என்றார்கள். நல்ல விஷயம்தான், நான் மறுக்கவில்லை. சந்தைக்கு எதிரே கட்டடம் கட்டி, ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். ஆனால் ஹோட்டலை ஆபீஸ் மாதிரி நடத்தினால் என்ன ஆகும்? பத்து மணிக்குத்தான் கதவு திறக்கும். ஞாயிற்றுக்கிழமை லீவு. எங்கள் சந்தையில் பெருங்கூட்டம் கூடுவதே ஞாயிற்றுக்கிழமை. ஊரே பசியோடு வந்து நிற்கிற நாளில் நகரசபை ஹோட்டல் பூட்டிக் கிடக்கும். சமையல் மாஸ்டர் யார் தெரியுமா? தெருவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். மின்சார விளக்கு வந்ததும் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. சீனியாரிட்டி பார்த்து அவரை அடுப்படிக்கு மாற்றிவிட்டார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? சாம்பாரில் உப்பு அதிகம் என்று யாராவது சொன்னால், "எழுதிக் குடுங்க, கமிட்டியில வைக்கிறேன்" என்பார்.

அந்த ஹோட்டலில் ஈ ஓட்டினார்கள். எதிரே அத்தை கடையில் கூட்டம். நகரசபைத் தலைவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எங்கள் பிரிவுக்கு வந்து, "நோடப்பா, அந்தக் கடை லைசென்ஸ் ஃபைலைக் கொஞ்சம் எடு" என்று கன்னடம் கலந்து சொன்னார். குழாய் விவகாரம் முளைத்தது அன்றைக்குத்தான். கபடி ஆடுகிறவனே விசிலும் ஊதினால் அந்த ஆட்டத்தில் எதிராளி எப்படி ஜெயிப்பான்? லைசென்ஸ் கொடுப்பவரும் அவர்களே, குற்றம் கண்டுபிடிப்பவரும் அவர்களே, எதிர்க்கடை முதலாளியும் அவர்களே. இதில் அசிங்கமான விஷயம் ஒன்று உண்டு. குழாய் வேண்டும் என்று அத்தை அதற்கும் ஒரு வருஷம் முன்பே விண்ணப்பம் கொடுத்திருந்தாள். அதுவும் என் கையால் எழுதியதுதான். அது அடுத்த அறையில், தண்ணீர்ப் பிரிவில், கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தது. குழாய் கொடுக்காதவர்களே குழாய் இல்லை என்று கடையை மூடினார்கள். தகரத்தைப் பிரித்துக்கொண்டு போனபோது அத்தை உரலை மட்டும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அதை வீட்டுக்கு உருட்டி வந்தோம்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மந்திரி வருவதாகச் செய்தி வந்தது. நகரசபை ஹோட்டலில் அவருக்கு டிபன். அந்த ஹோட்டல் இட்லியை மந்திரிக்கு எப்படி வைப்பது? தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அதுவரை அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. "உங்க அத்தை கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பா. நம்ம ஊர் மானம்" என்றார். பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் அத்தையிடம் கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"செய்யலன்னா உன் வேலைக்கு எதுனா ஆவுமா?"

"ஆனாலும் ஆவும், அத்தே."

"அப்போ உளுந்து ஊறப் போடறேன்" என்றாள்.

குழாய் இல்லாத எங்கள் வீட்டில், தெருக் குழாயில் பிடித்து வந்த தண்ணீரில் ஆட்டிய மாவு அது. அதே இன்ஸ்பெக்டர் வண்டி கொண்டுவந்து மாவையும் அத்தையையும் ஏற்றிப் போனார். மந்திரி மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு, நாட்டுக்கே இது ஒரு முன்மாதிரி, எல்லா நகரசபைகளும் இப்படி ஹோட்டல் நடத்த வேண்டும் என்று பேசினார். கை தட்டினார்கள். தலைவருக்கு மாலை விழுந்தது. அத்தை ஹோட்டல் பின்கட்டில் அடுப்புப் புகையில் இருந்தாள். அவளை வெளியே கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. சுவரோரம் நின்றுகொண்டிருந்த நானும் கூப்பிடவில்லை. கை தட்டினேன். ஆமாம், நானும்தான் தட்டினேன்.

இதைச் சாக்காக வைத்து அவளுடைய குழாய் விண்ணப்பத்தை மறுபடியும் மேலே அனுப்பினேன். மந்திரியே பாராட்டிய கை, இனிமேல் மறுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒரே வாரத்தில் பதில் வந்தது. அந்த ஆபீசில் நான் பார்த்த மிக வேகமான பதில் அதுதான். அதைச் சுத்தப் பிரதி எடுக்கும் வேலையும் எனக்கே வந்தது. சாயங்காலம் அத்தையிடம் படித்துக் காட்டினேன். தற்போது கடை இயங்கவில்லை, எனவே குழாய் இணைப்புத் தேவைப்படவில்லை.

"கடைய தொறந்தா குடுப்பாங்களா?"

"லைசென்ஸ் இல்லாம தொறக்க முடியாது, அத்தே."

"லைசென்சுக்கு?"

"குழாய் வேணும்."

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "இத்த எழுதறதுக்காடா உன்ன படிக்க வெச்சேன்?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் இட்லி விற்கவில்லை. கடைசி வரை பக்கத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். என் சம்பளத்தில் ஒரு காசு வாங்கிக்கொள்ளவில்லை. அந்த ஹோட்டல் இரண்டே வருஷத்தில் படுத்துவிட்டது. பேட்டையைப் பெங்களூர் விழுங்கி வெகுகாலம் ஆகிறது. அந்தக் கட்டடத்தில் இப்போது யாரோ செல்போன் விற்கிறார்கள். அந்தப் பக்கம் போக நேர்ந்தால், இத்தனை வயதிலும், அந்தச் சபையையும் தலைவரையும் இன்ஸ்பெக்டரையும் வாய்விட்டே திட்டுகிறேன். கூட வருகிற பேரன், "விடுங்க தாத்தா, எப்பவோ நடந்தது" என்கிறான். நான் திட்டுகிற பட்டியலில் இன்னொரு ஆள் இருப்பது அவனுக்குத் தெரியாது. அத்தை அப்படிக் கேட்டாள் அல்லவா, அதற்கு மறுநாள் காலை பத்து மணிக்கு, வழக்கம்போல் ஆபீசுக்குப் போய்ப் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். முப்பது வருஷம் கழித்துத்தான் எழுந்தேன்.