கட்டை பிடித்த புனிதர்

பழைய அட்டைக்கு ஒரு மணம் உண்டு. நெடுநாள் பூட்டிக் கிடந்த அலுமாரி, மழையில் நனைந்து காய்ந்த கொப்பி, அடியில் எங்கோ கொஞ்சம் இனிப்பு. போன ஞாயிறு இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் சீசா என்கிற பகுதியில், ஒரு காப்பிக் கடையின் பின்னறையில், ஒரு கிழவர் தன் தகரப் பெட்டியைத் திறந்தபோது அந்த மணம் எழும்பி நேரே என் வயிற்றுக்குள் இறங்கியது.

நாங்கள் எட்டுப் பேர். பழைய விளையாட்டு அட்டைகள் சேர்க்கிறவர்கள். வீரர்களின் படம் அச்சிட்ட, உள்ளங்கைக்குள் அடங்குகிற அட்டைகள். ஏழு பேர் பலெர்மோக்காரர், எட்டாவது நான். மற்றவர்களுக்கு உதைபந்தாட்டம், எனக்கும் தகரப்பெட்டிக் கிழவருக்கும் மட்டும் அமெரிக்க பேஸ்போல் பைத்தியம். பந்தைக் கட்டையால் அடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டு. எங்கள் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ஆளாளுக்குத் தங்கள் முதல் அட்டை வந்த கதையைச் சொன்னார்கள். ஒருவருக்கு முதல் நற்கருணை நாளில் மாமா கொடுத்தது. இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் சண்டை பிடித்துப் பறித்தது. அதைச் சொல்லும்போது அவருடைய எழுபது வயதுக் கை இன்னும் பொத்தி மடங்கியது. என் முறை வந்தது. "அமெரிக்காவில் இருக்கிற மச்சான் அனுப்பினது" என்றேன். எனக்கு அமெரிக்காவில் மச்சான் கிடையாது. குடியுரிமைத் தாள் வீட்டு அலுமாரியில் பத்திரமாக இருக்க, ஏழு கிழவர்கள் காப்பி உறிஞ்சுகிற அறையில், நான் பயந்து போயிருந்தேன். அங்கே சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். உங்களிடம் சொன்னால் குவெஸ்தூராவுக்குப் போகாது என்று ஒரு நம்பிக்கை.

குவெஸ்தூரா என்றால் பொலிஸ் தலைமையகம். தொண்ணூறுகளில் எங்களுக்கு அதுதான் கோயில், அதுதான் சுடலை. இங்கே இருக்கலாம் என்று சொல்லும் தாளை, பெர்மெஸோவை, அங்கேதான் கொடுப்பார்கள். அங்கேதான் கொடுக்காமலும் விடுவார்கள். அது கையில் வரும்வரை நான் நடந்த நடையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. சீருடை போட்ட எவரைக் கண்டாலும் தெருவின் மறுபக்கம் மாறிவிடுவேன். தபால்காரருக்குப் பயந்தேன். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகருக்கு, சட்டைப்பையில் டிக்கெட் இருக்கும்போதே, பயந்தேன். ஒருமுறை பூங்காவில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மாநகரசபைத் தோட்டக்காரர் என்னைப் பார்த்துக் கையசைக்க, நான் கடவுச்சீட்டை எடுத்து நீட்டிவிட்டேன். அவர் நெருப்புப்பெட்டி கேட்டிருக்கிறார்.

ஊரிலேயே என் முதுகுக்கு ஒரு கட்டையைத் தெரியும். ஒரு சோதனைச் சாவடியில், ஒரு பின்னேரம். அதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். முதுகு மறந்துவிட்டது, தோள்கள் மட்டும் எவராவது பின்னால் வேகமாக நடந்து வந்தால் தாமாகவே உயரும்.

அந்த நாட்களில் நான் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை செய்தேன். எண்பதைத் தொட்ட விதவை. பழைய கட்டடம், மூன்றாம் மாடி, இரும்புக் கம்பிக் கதவு வைத்த லிஃப்ட். கூட்டுவது, துடைப்பது, சந்தைக்குப் போவது, அவர் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது. என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. முதல் நாளே 'நீனோ' என்று வைத்துவிட்டார். அவர் கதைத்தது சிசிலி வாடையடிக்கும் இத்தாலியன். ஆனால் என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அதற்கு நான் பொறுப்பில்லை.

"நீனோ, நீ ஏன் பூனை மாதிரி நடக்கிறாய்? சத்தம் போட்டு நட. வீட்டிலை ஒரு ஆள் இருக்கெண்டு எனக்குத் தெரியட்டும்."

அவருடைய படுக்கையறை மூலையில் ஒரு சின்ன மேசை. சரிகை விரிப்பு. அதன்மேல் புனிதர்கள். சிறிய படங்கள், சிலைகள், சிவப்பு மின்குமிழ் ஒன்று, இறந்துபோன கணவரின் புகைப்படம். நான் சைவக்காரன், ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஒருத்தி தன் இரண்டு கண்களையும் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் இரும்புக் கட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தார். அந்த வரிசையின் கடைசியில் ஒருவர், மற்றவர்களைவிடச் சின்னவர், பழுப்பேறிய அட்டையில், தொப்பி போட்டு, தோளுக்கு மேல் ஒரு கட்டையை ஓங்கிப் பிடித்தபடி, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சீசாவில் எங்கள் அறையில் இருந்தவர் சூசை அண்ணை, மன்னார்க்காரர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். எனக்கு இந்த வேலை பிடித்துத் தந்தவரும் அவர்தான். அவரிடம் கேட்டேன்.

"அண்ணை, உங்கடை சாமியள் ஏன் எல்லாரும் கையிலை ஆயுதம் வைச்சிருக்கினம்?"

"விசரா, அது ஆயுதமில்லை. அவையை எதாலை சாக்காட்டினாங்களோ, அதைத்தான் கையிலை பிடிச்சிருப்பினம். கண்ணைத் தோண்டினவைக்குக் கண், நெருப்பிலை வாட்டினவருக்கு இரும்புக் கட்டில்."

"அப்ப கட்டை வைச்சிருக்கிறவர்?"

"அடிச்சிருப்பாங்கள்" என்றார் சூசை அண்ணை, கோழியைப் புரட்டியபடி. "பாவம்."

அவ்வளவுதான். அந்த ஒற்றைச் சொல்லில் கட்டை பிடித்தவர் எனக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். வேல் பிடித்தவரிடம் ஊரில் கேட்டுக் களைத்திருந்தேன். இவர் அடி வாங்கினவர். அடிக்குப் பயப்படுகிற ஒருவனின் கதை இவருக்குத்தானே விளங்கும். நாள்தோறும் தூசி தட்டும்போது அவருடன் இரண்டு வார்த்தை கதைப்பேன். சிஞ்ஞோரா என் வேலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, அது குவெஸ்தூராவுக்குள் போயிருந்த நேரம். "தாள் வரவேணும். அதுமட்டும் காணும்."

ஒரு வெள்ளிக்கிழமை தலைமுழுகிவிட்டுப் போனேன். அம்மா தந்துவிட்ட சந்தனக்கட்டியில் கொஞ்சம் உரைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சிஞ்ஞோரா குளியலறையில் இருந்த நேரம், கட்டை பிடித்தவருக்கு நெற்றியில், தொப்பிக்கும் புருவத்துக்கும் நடுவில், சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தேன். எங்கள் வீட்டில் எல்லாப் படங்களுக்கும் வெள்ளிக்கிழமை செய்கிறதுதான். அடுத்த வெள்ளி ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வைப்போம்.

ஒரு கிழமை அந்தப் பொட்டு அங்கேயே இருந்தது. சிஞ்ஞோரா காலையும் மாலையும் அந்த மேசைக்கு முன்னால் செபம் சொல்கிறவர். ஒன்றும் சொல்லவில்லை. கண் மங்கல் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி ஈரத்துணியோடு போனேன். ஊரில் எங்கள் சாமிகள் எல்லோரும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தார்கள் என்பது, துணியைத் தேய்த்த பிறகுதான் உறைத்தது. இவருக்குக் கண்ணாடி இல்லை. காய்ந்த சந்தனத்தோடு நெற்றி வந்தது. பதறி இன்னும் தேய்த்தேன். கண்கள் வந்தன, மூக்கு வந்தது. தொப்பியும் கட்டையும் மிஞ்ச, நடுவில் ஈரமான ஒரு வெள்ளைப் பொருக்கு. கடவுளே. நடைக்கூடத்தில் சிஞ்ஞோராவின் ஊன்றுகோல் சத்தம். அட்டையை என் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

இப்படித்தான், நண்பரே, என் முதல் அட்டை என்னிடம் வந்தது. துடைக்கப் போனவன் கள்ளனாக வெளியே வந்தேன்.

அறைக்கு வந்து சூசை அண்ணையிடம் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உதென்னடா இது? தொப்பி போட்ட புனிதரை எங்கையடா கண்டனி? பின்னாலை இங்கிலீசிலை சுவிங்கத்துக்கு விளம்பரம் கிடக்கு." பிறகு கட்டிலில் விழுந்து சிரித்தார். "விளையாட்டுக்காரன்ரா! அமெரிக்கன்ரை பந்து விளையாட்டு! உன்ரை பெர்மெஸோவுக்கு நீ அவனிட்டையோ கேட்டனி?"

"அண்ணை, அவ பொலிசுக்குச் சொன்னால்?"

சிரிப்பு நின்றது. எழுந்து உட்கார்ந்தார். "திருப்பிக் கொண்டுபோய் வை."

"முகமில்லாமலோ?"

சனி, ஞாயிறு முழுக்க நான் சாப்பிடவில்லை. திங்கள் காலை மூன்று மாடியும் படியேறிப் போனேன். லிஃப்டுக்குள் அடைபடப் பயம். படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தேன். மேசையில் வெற்றிடம் இருக்கவில்லை. புனிதர்கள் எல்லோரும் ஓரிரு விரல் தள்ளி, நெருக்கமில்லாமல், ஒருவரும் குறையாதவர்கள் போல நின்றார்கள். யாரோ தள்ளி வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் யாரோ என்று சொல்ல இன்னொரு ஆள் இல்லை.

சிஞ்ஞோரா குசினியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "நீனோ, இண்டைக்கு மீன் வாங்கு" என்றார். அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு மகன், ரோமில் அவோகாத்தோ, வழக்கறிஞர். அந்தக் கிழமை வந்தார். வந்த காரணமே அந்த அட்டை. அப்பா இளவயதில் அமெரிக்கத் துறைமுகத்தில் சுமை தூக்கிய காலத்தில் வாங்கிய சுவிங்கத்துக்குள் இருந்ததாம். சாகும்வரை பணப்பையில் வைத்திருந்தாராம். அந்த வீரர் பிற்பாடு பெரும் புகழடைந்தவர். பெயரை எழுத மாட்டேன். அவரை நான் இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடத் துணியவில்லை. அட்டையைப் பார்த்து விலை பேச ஆட்கள் வரப்போகிறார்கள் என்றார் மகன். நான் நடைக்கூடத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே தளக்கல்லைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

"அம்மா, அப்பாவின்ரை அட்டை எங்கை?"

"எந்த அட்டை?"

"இஞ்சை, இந்த மேசையிலை இருந்தது. நாற்பது வருசமா இருந்தது!"

"ஓ, அதோ. கிழிச்சு எறிஞ்சுபோட்டன்."

"கிழிச்சு... ஏன்?"

"தூசி."

மகன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். அவர் மிக மெதுவாக, குழந்தையிடம் கேட்பதுபோல, இன்றைக்கு என்ன கிழமை, அடுப்பை அணைத்தீர்களா, மருந்து எப்போது எடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். பிறகு தொலைபேசி. தாயைத் தனியே விட முடியாது, சாமான்களைக் கிழித்து எறிகிறார், புத்தி தடுமாறிவிட்டது என்று யாரிடமோ சொன்னார். மொண்டெல்லோப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் ஓர் அறை இருந்தது. ஐந்தாம் நாள் பெட்டி கட்டினார்கள்.

ஐந்து நாளும் நான் ஒரு வசனத்தைப் பாடமாக்கினேன். 'லோ ப்ரேஸா இயோ.' நான்தான் எடுத்தேன். மூன்றே சொல். பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன், கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்த்தேன். உச்சரிப்பில் பிழையே இல்லை.

மகன் பெட்டியோடு கீழே போய் லிஃப்டைத் திருப்பி அனுப்பினார். வாசலில் சிஞ்ஞோராவும் நானும். கோடையிலும் மேலங்கி போட்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன்.

"சிஞ்ஞோரா, நான்..."

"நீனோ, பெர்மெஸோ வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப வாயை மூடு."

அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கோபமாகத்தான் சொன்னார். கண் மங்கலே இல்லை. கம்பிக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். லிஃப்ட் இறங்கியது, கம்பிகளுக்குள் முதலில் சப்பாத்து மறைந்து, பிறகு மேலங்கி, கடைசியில் சீவி முடிந்த வெள்ளைத் தலை. படியால் ஓடியிருந்தால் நான் அவருக்கு முன்னால் கீழே போயிருப்பேன். மகன் அங்கேதான் நின்றார். மூன்று மாடி, மூன்று சொல்.

நான் ஓடவில்லை. சொல்லப்பட்டபடி வாயை மூடிக்கொண்டேன்.

ஏழு கிழமையில் பெர்மெஸோ வந்தது. அன்றைக்கே மொண்டெல்லோ பஸ்ஸில் ஏறினேன். இனிமேல் சொல்லலாம். இல்லத்து வாசலில் மகனின் கார் நின்றது. திரும்பிவிட்டேன். சட்டைப்பையில் முத்திரை குத்திய தாள் இருந்தது, ஆனாலும் திரும்பிவிட்டேன். அடுத்த மாதம் போனபோது வாசலில் கார் இல்லை. அறையில் வேறொரு அம்மா இருந்தார்.

பிறகுதான் அட்டை சேர்க்கத் தொடங்கினேன். ஞாயிற்றுச் சந்தைகளில், செத்தவர்களின் பெட்டிகளுக்குள் கை விட்டுத் துழாவினேன். அந்த வீரரின் முகம் எப்படி இருந்தது என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பதுதான் தொடக்கம். ஒருமுறை கண்காட்சியொன்றில் அதே அட்டையை முகத்தோடு கண்டேன். சாதாரண முகம். கொஞ்சம் பயந்த முகம் என்றுகூடச் சொல்வேன்.

சூசை அண்ணை இப்போது இலண்டனில், பேரப்பிள்ளைகளோடு. நாங்கள் ஐந்து பேர் படுத்த சீசா அறை, கைத்தொலைபேசி திருத்துகிற கடை. விடியலில் குவெஸ்தூராச் சுவரோடு ஒட்டி நின்ற அந்த வரிசை இல்லை. ஆட்கள் இருக்கிறார்கள், வேறு மொழிகளில், வேறு வரிசைகளில். சிஞ்ஞோராவின் கட்டடம் சுற்றுலாக்காரர் தங்கும் விடுதி. போன புதன்கிழமை அதற்கு முன்னால் போய் நின்றேன். ஏன் போனேன் என்று கேளாதீர்கள். வாசலில் முன்பு பித்தளைப் பலகை இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் பக்கத்தில் ஒரு குடும்பப் பெயர். இப்போது எண்களை அமுக்கித் திறக்கும் சின்னப் பெட்டி. மூன்று சொல்லும் வாயில் இருந்தன, உச்சரிப்புப் பிழை இல்லாமல். விரலை நீட்டினேன். அமுக்குவதற்குப் பெயர் எதுவும் இருக்கவில்லை.