மேசைமேல் பூஜ்ஜியம்

எங்கள் நூலகத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடிக்கு நாற்பத்தாறு படி. அதைத் தினமும் நாலைந்து தடவை ஏறி இறங்கியவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எனக்கு ஒரு தடவை ஏறினாலே முட்டி கழன்றுவிடும். அதனால் கீழேயே, புத்தகம் கொடுத்து வாங்குகிற கவுன்டரில் உட்கார்ந்து பத்தொன்பது வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

அவளை நாங்கள் அகராதி அக்கா என்று கூப்பிடுவோம். கோபம் வந்தால், அவள் காதில் விழாமல், அகராதி பிடித்தவள் என்போம். இரண்டும் அவளுக்குத் தெரியும். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் அறை மாடியில் கடைசி அறை. அயல்மொழிகளுக்கான பார்வை நூல் பகுதி. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது, அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழி, ஸ்பானிஷ், அரபு என்று சுவர் முழுக்க. தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்கிற அகராதிகள், வினைச்சொற்களை மட்டும் பட்டியல் போட்ட புத்தகங்கள், உச்சரிப்பைக் கேட்பதற்கான ஒலிநாடாக்கள், அதைப் போட்டுக் கேட்க ஒரு பழைய பெட்டி. இதில் ஒரு மொழியில்கூட அக்காவுக்கு ஒரு டீ கேட்டு வாங்கத் தெரியாது. ஆனால் எந்த மொழியில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும், எந்தப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும் என்று தெரியும்.

யாராவது வந்து, "ஜெர்மன் அகராதி வேணும்" என்றால் உடனே கொடுத்துவிட மாட்டாள். "படிக்கவா, எழுதவா, பேசவா?" என்று முதலில் கேட்பாள். படிக்க என்றால் ஒன்று, எழுத என்றால் உதாரண வாக்கியம் நிறைய இருக்கிற வேறொன்று. பேச என்றால் ஒலிநாடாப் பெட்டியைக் காட்டுவாள். "இத எடுக்காதீங்க. இது வந்து நாப்பது வருஷமாச்சு. இதுல செல்போனுக்கே வார்த்தை கிடையாது" என்று தள்ளியும் வைப்பாள். போனிலேயே எல்லாம் இருக்கிறதே என்று எவனாவது கேட்டுவிட்டால் போச்சு. "போன் அர்த்தம் சொல்லும்பா. இந்த வார்த்தையப் பெரியவங்ககிட்ட சொன்னா அறை விழுமான்னு சொல்லுமா? இதுல போட்டிருக்கான் பாரு" என்று பக்கத்தைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

சரியாக ஒரு மணிக்கு அறையைப் பூட்டிவிட்டு இறங்குவாள். வீடு மூன்றாவது தெரு. அவள் புருஷன் பஸ் ஓட்டினவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இரண்டு கைக்குழந்தைகளோடு மல்லுக்கட்டுகிறாள். மத்தியானம் அக்கா போய் ஊட்டினால்தான் அவருக்குச் சாப்பாடு. ஒன்றே முக்காலுக்குத் திரும்பி வருவாள். அவள் சாப்பிட்டாளா என்று நான் கேட்டால், "ஆச்சு ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே படியேறிவிடுவாள். பொய்தான். முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அந்த அறையில் மேசைமேல் ஒரு புத்தகம் கிடக்கக் கூடாது. அதுதான் அவள் சட்டம். வாசகர் எழுந்து நாற்காலியைத் தள்ளுகிற சத்தம் அடங்குவதற்குள் புத்தகம் அலமாரியில் அதன் இடத்தில் இருக்கும். வழக்கமாக வருகிறவர்கள் அவளுக்குப் பயந்து தாங்களே வைத்துவிடுவார்கள், அதுவும் முதுகில் ஒட்டிய எண் வரிசை பிசகாமல். மாலையில் பார்த்தால் மேசைகள் துடைத்து வைத்த தட்டுப்போல இருக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எல்லா அறைகளுக்கும் ஒரு படிவம் வந்தது. தேதி, அறை எண், அப்புறம் ஒரு கட்டம்: "மாலை மூடும்போது மேசைமேல் உள்ள புத்தகங்கள்". அதை ஒவ்வொரு நாளும் நிரப்பி, மாசக் கடைசியில் என்னிடம் கொடுக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் கூட்டி ஒரே தாளில் எழுதித் தலைமை நூலகருக்கு அனுப்ப வேண்டும். என் வேலைக்கு மேலே இது ஒரு வேலை. யாருக்கு அனுப்புகிறோம், எதற்கு அனுப்புகிறோம் என்று யாரும் எங்களிடம் விளக்கவில்லை. எனக்கு ஓரளவு தெரியும். வீட்டுக்குக் கொடுக்காத புத்தகத்தை எத்தனை பேர் எடுத்துப் பார்த்தார்கள் என்று வேறு எப்படிக் கண்டுபிடிப்பது? மேசையில் விட்டுவிட்டுப் போனதை எண்ணினால்தான் உண்டு.

அகராதி அக்காவின் படிவத்தில் தினமும் பூஜ்ஜியம். முப்பது நாளும் பூஜ்ஜியம். முத்து முத்தாக, ஒரே அளவில். அதை நான் ஒரு வருஷம், இரண்டு வருஷம், நாலு வருஷம் தாளில் ஏற்றினேன். கவுன்டருக்கு வந்து, "வெளிநாட்டு மொழிப் புத்தகமெல்லாம் எங்கங்க?" என்று கேட்டவர்களை, "மாடிக்குப் போங்க, கடைசி ரூம்" என்று கையைக் காட்டி அனுப்பினவளும் நான்தான். காட்டின கையாலேயே பூஜ்ஜியமும் போட்டேன். ஒரு நாளாவது ஏன் என்று கேட்டேனா? இல்லை. மாசக் கடைசியில் எனக்குத் தலைக்கு மேலே வேலை. கூட்டிக் கொடுத்துவிட்டால் போதும் என்று இருந்தேன்.

அந்தக் கடிதம் ஒரு புதன்கிழமை வந்தது. அக்கா அதை மடிக்காமல் விரித்தபடியே கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"இத கொஞ்சம் படியேன். எனக்குத்தான் தப்பாப் புரியுதான்னு பாரு."

தப்பாகப் புரியவில்லை. நான்கு ஆண்டுகளாக வாசகர் பயன்பாடு ஏதும் இல்லாததால் அயல்மொழிப் பார்வை நூல் பகுதி மூடப்படுகிறது. நூல்கள் கிடங்குக்கு மாற்றப்படும். பொறுப்பாளரும் கிடங்குக்கு மாற்றப்படுகிறார். கிடங்கு ஊருக்கு வெளியே. இரண்டு பஸ் மாற வேண்டும், போக ஒன்றேகால் மணி நேரம்.

"பயன்பாடு இல்லையாம். இன்னிக்குக் காலைலேர்ந்து பதினோரு பேரு வந்தாங்க. யாரு சொன்னா இல்லைன்னு?"

"நீங்கதான்க்கா சொன்னீங்க" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. "தினமும் பூஜ்ஜியம்னு எழுதிக் குடுத்தீங்களே."

"ஆமா, பூஜ்ஜியம்தான். ஒரு புத்தகம் மேசைல இருக்காது. நாலு வருஷத்துல ஒரு நாள் இருந்திருக்குமா? நம்ம கட்டடத்துலயே சுத்தமா இருக்கிற ரூம் என்னுதுதான்னு..." என்று சொல்லிக்கொண்டே போனவள் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். "அது சுத்தத்துக்கு எடுத்த கணக்கு இல்லையா?"

நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "ஐயோ, என் கையாலேயே எழுதினேனே" என்றாள், அவ்வளவுதான். அப்புறம் மணியைப் பார்த்தாள். ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. "அவருக்குப் பசிக்கும், வந்து பேசிக்கலாம்" என்று போய்விட்டாள்.

மத்தியானம் அவள் திரும்பி வந்ததும் இருவரும் தலைமை நூலகர் அறைக்குப் போனோம். அவரை வில்லனாக்க எனக்கு ஆசைதான், ஆனால் மனுஷன் அப்படி இல்லை. மேசை நிறையக் கோப்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம். அக்கா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"அம்மா, நீங்க எழுதின விவரம்தானே இது? நான் என்ன செய்ய? சரி, மாசாமாசம் இதக் கூட்டி எழுதுறவங்களுக்காவது சந்தேகம் வரலையா?"

அது நான். என்னைத்தான் பார்த்தார். பெரியவள் கல்லூரியில், சின்னவன் பத்தாவது, வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் என்னுடையது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்:

"அவளுக்கு என்ன சார் தெரியும்? நான் எழுதிக் குடுத்தத அப்படியே ஏத்தினா. அவ மேல என்ன தப்பு?"

நான் கல்லுளிமங்கி மாதிரி நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவர் ஒரு மாசம் அவகாசம் கொடுத்தார். ஒழுங்காக எண்ணிக் கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன் என்றார். வெளியே வந்ததும் நான் யோசனை சொன்னேன். "அக்கா, சாயங்காலம் நாமளே நூறு புத்தகத்த எடுத்து மேசைல போட்டுட்டு எண்ணிடலாம். எவன் வந்து பாக்கப்போறான்?"

"போடி. தெரியாம எழுதினது போதாதுன்னு தெரிஞ்சே வேற எழுதணுமா?"

அந்த ஒரு மாசம் அவள் பட்ட பாட்டை எழுத எனக்குத் தெம்பில்லை. மேசைமேல் புத்தகம் கிடக்கக் கிடக்க அவளுக்குக் கை அரித்தது. ஒரு நாள் நான் முக்கி முனகி மாடியேறிப் போனபோது, மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி ஜெர்மன் அகராதியை அலமாரியில் வைக்கப் போனாள். அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"வைக்காத, வைக்காத! மேசையிலேயே போட்டுட்டுப் போ!"

"நல்லா இருக்கே! நீங்கதானே மூணு மாசமா எடுத்த எடத்துல வைக்கச் சொல்லி உயிர எடுத்தீங்க?"

"இப்ப நான்தான் சொல்றேன், போட்டுட்டுப் போ. கலைச்சே போடு."

பல பேர் பழக்கதோஷத்தில் வைத்துவிட்டுத்தான் போனார்கள். வைத்ததை அவள் எண்ணவில்லை. மேசையில் இருந்ததை மட்டும் எண்ணினாள். மாசக் கடைசியில் நானூற்றுப் பதினெட்டு. நான் மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டு எழுதினேன். கட்டடத்தில் வேறெந்த அறைக்கும் அதில் பாதிகூட இல்லை.

கூட்டம் முடிந்து இரண்டாவது கடிதம் வந்தது. அறை மூடப்படாது. புத்தகங்கள் அங்கேயே இருக்கும். நான் சந்தோஷத்தில் கவுன்டரைத் தட்டினேன். அப்புறம்தான் கீழே இருந்த பத்தியைப் பார்த்தேன். நான்கு ஆண்டுகள் தவறான விவரம் அளித்த பொறுப்பாளர் கிடங்குக்கே மாற்றப்படுகிறார். பார்வை நூல் பகுதியின் பொறுப்பு, விவரங்களைத் தொகுப்பதில் அனுபவமுள்ள கவுன்டர் ஊழியரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

அனுபவமுள்ள ஊழியராம்! அடுக்குமா இது? எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நேரே தலைமை நூலகரிடம் போய் நான் மாட்டேன் என்றேன். கூட்டத்தில் முடிவானது, என் கையில் இல்லை என்றார். காரணம் கேட்டார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். முட்டி வலி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ரூம் தப்பிச்சுதுல்ல, விடு. எனக்கும் அலுத்துப்போச்சு. நாப்பத்தாறு படி" என்றாள். அப்புறம், "அந்த மனுஷனுக்கு மத்தியானம் யாரு ஊட்டுவா? அது ஒண்ணுதான்" என்றாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நான் போய் ஊட்டுறேன்க்கா."

"உனக்கு எதுக்குடி இந்தத் தலையெழுத்து?"

என் தப்பு, அதனால்தான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. "மூணாவது தெருதானே" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை நாற்பத்தாறு படி ஏறினேன். மத்தியானம் ஒரு மணிக்கு அறையைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். காலையிலேயே அவள் சமைத்துத் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தாள். அவர் தலையணையில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ எட்டு நிமிஷத்துல வருவா. நீ பதினாலு" என்றார்.

"எனக்கு முட்டி வலிண்ணா."

இரண்டு வாய் வாங்கிக்கொண்டார். "சொல்லு. இன்னிக்கு யாரு யாரு வந்தாங்க?"

"யாரோ ஏழெட்டுப் பேரு."

"யாரோன்னா? கோர்ட்டுக் காகிதம் மொழிபெயர்க்கிற அம்மா வந்தாங்களா? திங்கக்கிழமை தவறாம வருவாங்களே, நாலு வருஷமா. மருமக ஸ்பானிஷ்காரின்னு புருஷனும் பொண்டாட்டியுமா வந்து படிப்பாங்களே, அவங்க? ஓட்டல் வரவேற்புல நிக்கிறவரு ஜப்பான் மொழில மன்னிப்புக் கேக்க எத்தனை விதம்னு எழுதிட்டிருந்தாரே, முடிச்சாரா? அவ ஊட்டிக்கிட்டே ஒருத்தர விடாம சொல்லுவா. எனக்கு வேற என்ன பொழுதுபோக்கு?"

நான் மாசாமாசம் பூஜ்ஜியம் என்று ஏற்றியது இவர்களைத்தான். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷருக்குத் தெரிந்தது, கீழே உட்கார்ந்து வழிகாட்டின எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் கேட்கவில்லை. தட்டைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, தப்பு அக்கா மேல இல்ல. தினமும் ஆளுங்கள மேல அனுப்பினவ நான். ஏன்க்கா பூஜ்ஜியம் போடுறீங்கன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா இதெல்லாம் வந்திருக்காது. அன்னிக்குத் தலைமை நூலகர் கேட்டப்பவும் வாயத் திறக்காம நின்னேன்."

"தெரியும்" என்றார். "அன்னிக்கு மத்தியானமே சொல்லிட்டா. அவளுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு, பழி எம்மேலயே போகட்டும்னு நினைக்கிறேன், நீங்க என்ன சொல்றீங்கன்னு எங்கிட்டக் கேட்டா. நான் சரின்னேன். அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் அவரப் பாக்கப் போனீங்க. தட்ட எடும்மா, ஆறிப்போகுது."