சீனா மேசையில் இரண்டு திருகோணமலைப் பெண்கள்

மொன்றியலுக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். கலியாணத்துக்குப் போயிருக்கிறேன், பிறந்தநாளுக்குப் போயிருக்கிறேன், ஒருமுறை அக்காவின் சோபாவைப் படியேற்றிக் கொடுக்கவும் போயிருக்கிறேன். 2007 செப்டெம்பரில் போனது ஒரு துறைமுகத்தை ரஷ்யாவிடமிருந்து காப்பாற்ற. சிரிக்காதீர்கள், உண்மையாகவே சொல்கிறேன்.

என் அக்கா வசந்தி மொன்றியலின் மேற்கே பியர்பொன்ட்ஸில் இருக்கிறாள். ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. அதனால் அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிட நூறு மடங்கு மேல். ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் கூடும் ஒரு வரலாற்று வட்டத்தில் அவள் சேர்ந்து சில வருடங்கள். அவர்கள் ஆண்டுக்கு ஒருநாள் பெரிய வரைபடம் ஒன்றை விரித்து, அணிக்கு இருவராகப் பிரிந்து, பழைய சாம்ராச்சியங்களைப் போலப் பேரம் பேசி விளையாடுவார்கள். வெல்லும் அணிதான் அடுத்த வருடம் எந்த வரைபடம் என்று தீர்மானிக்கும். அக்கா இரண்டு வருடங்களாகத் திருகோணமலையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடத்துகிற ஓய்வுபெற்ற ஆசிரியை மடம் லூசி, "யாருக்கும் தெரியாத துறைமுகத்துக்கு யார் விளையாட வருவார்கள்?" என்று இரண்டு வருடமும் கேட்டுவிட்டார். இந்த முறை அக்காவின் ஜோடி வரமுடியாமல் போக, எனக்குப் போன் வந்தது.

"நீ வா. வெண்டாத்தான் எங்கட ஊர் மேசைக்கு வரும்."

"எனக்கு பிரெஞ்சு வராதே அக்கா."

"கதைக்கிறது நான். நீ படத்தைப் பார்."

என்னைப்போல ஸ்காபரோவிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரொறன்ரோ யூனியன் ஸ்டேஷன்வரை போகத் தேவையில்லை. மொன்றியல் ரயில்களில் சில கில்ட்வுட்டில் நின்று போகும். ஏறத்தாழ ஐந்து மணி நேரம், ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர். முன்கூட்டியே எடுத்த டிக்கெட் அறுபது டொலருக்குள் முடிந்தது. வெஸ்ட் ஐலண்ட் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் மொன்றியல்வரை போகாமல் டொர்வாலில் இறங்குங்கள். அத்தான் காருடன் நின்றார். வெள்ளி இரவு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டபடி அக்கா எனக்குப் பாடம் நடத்தினாள். விளையாட்டில் எந்த நாடு வந்தாலும் சரி, சீனா மட்டும் வரக்கூடாது என்றாள்.

சனிக்கிழமை காலை ரொக்ஸ்பரோவில் புறநகர் ரயில் ஏறினோம். வார இறுதியில் ரயில்கள் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். கடைசிப் பகுதி மலைக்கு அடியில் ஓடும் நீளமான சுரங்கம். அந்தச் சுரங்கம் வந்த கதை எனக்குப் பிடிக்கும். நகரத்துக்குள் வரும் நல்ல வழிகளையெல்லாம் பழைய ரயில் கம்பனிகள் பிடித்து வைத்திருந்தன. பிந்தி வந்த கம்பனிக்கு வழி இல்லை, அதனால் மலையையே துளைத்து உள்ளே வந்தது. இருட்டில் அக்காவுக்கு இதைச் சொன்னேன். "இண்டைக்கு எங்களுக்கு வழி விடாட்டி நாங்களும் துளைப்பம்" என்றாள். மத்திய நிலையத்தில் இறங்கி, பொனவெஞ்சரில் ஆரஞ்சு வழி மெட்ரோவைப் பிடித்தால் மாறாமலே ஜான்-டலோன் போகலாம்.

மண்டபத்தில் ஆறு மேசைகள். நடுவில் வடகிழக்குச் சீனக் கரையின் வரைபடம். தெரியாதவர்களுக்காக வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1895இல் ஜப்பான் சீனாவுடன் போரிட்டு வென்று லியாவ்தோங் தீபகற்பத்தை வாங்கிக்கொண்டது. அதன் முனையில்தான் போர்ட் ஆர்தர் துறைமுகம். ரஷ்யாவும் ஜேர்மனியும் பிரான்சும் சேர்ந்து மிரட்டி அதைத் திருப்பிக் கொடுக்க வைத்தன. மூன்றே வருடத்தில் ரஷ்யா அதே இடத்தைத் தனக்குக் குத்தகையாக எடுத்தது. அதன் விளாடிவோஸ்டொக் துறைமுகம் குளிர்காலத்தில் உறையும். உறையாத துறைமுகமும், அதுவரை போகும் ரயில் பாதையும் அதற்கு வேண்டும். பிரித்தானியாவுக்கோ எல்லாத் துறைமுகமும் தன் வியாபாரத்துக்குத் திறந்திருக்க வேண்டும். வீட்டுக்காரன் சீனாவிடம் யாரும் கேட்கவில்லை.

விளையாட்டு அந்தக் குத்தகைக்குச் சற்று முன் தொடங்குகிறது, விதி எளிது. மாலை ஐந்து மணிக்குள் ஆறு அணியும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் போர், எல்லோருக்கும் பூச்சியம். மற்ற அணிகளுக்குத் தாம் பெற்றதற்குப் புள்ளி, சீனாவுக்குத் தன்னிடம் மிஞ்சியதற்குப் புள்ளி. சீட்டுக் குலுக்கினார்கள். அக்கா எடுத்த சீட்டைப் பார்த்து முகம் கறுத்தாள்.

"சீனா."

அந்த வட்டத்தில் சீனா அணி ஒருமுறைகூட வென்றதில்லையாம். பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைப் பார்த்து அனுதாபத்தோடு சிரித்தார்கள்.

காலை முழுவதும் ஆட்கள் வந்து போனார்கள். ரஷ்யா மேசையின் தானியேல் உயரமான, மரியாதையான மனிதர், பாலங்கள் கட்டும் பொறியியலாளர். துறைமுகமும் ரயிலும் சேர்த்து இருபத்தைந்து வருடக் குத்தகை என்று சிரித்தபடி கேட்டார். ஜேர்மனி நிலக்கரி நிரப்ப ஓர் இடம் கேட்டது. பிரான்ஸ், ரஷ்யாவுக்குக் கொடுத்த கடன் பத்திரமாக இருக்கவேண்டும் என்றது. அக்கா எல்லோருக்கும் "யோசிக்கிறோம்" என்று பதில் சொன்னாள். மத்தியானம் சான்ட்விச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் மற்ற ஐந்து மேசைகளும் காலி. மண்டபத்தின் பின்பக்கச் சமையலறையிலிருந்து பேச்சுச் சத்தம். எங்களை விட்டுவிட்டு அவர்களே பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தை விளையாட்டுக் கோபம் என்று சொல்லமாட்டேன். எங்கள் துறைமுகத்தை ஆங்கிலேயர் பிடித்தார்கள், பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், ஐரோப்பாவில் எங்கோ கூடி ஒல்லாந்தருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு திரும்பவும் ஆங்கிலேயர். பள்ளிக்கூடத்தில் இதைப் பாடமாக்கிப் புள்ளி வாங்கியவள் நான். அந்த மேசைகளில் ஒன்றிலாவது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்ததாக எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

நான் ஒரு கதிரையைத் தூக்கினேன். அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு தானும் ஒன்றைத் தூக்கினாள். சமையலறைக் கதவைத் தள்ளி, அடுப்புக்குப் பக்கத்தில் கதிரைகளைப் போட்டு உட்கார்ந்தோம். மேசையில் கிடந்த தாளை அக்கா எடுத்து வாசித்தாள். துறைமுகம் ரஷ்யாவுக்கு, ரயில் ரஷ்யாவுக்கு, கரையின் மற்றத் துண்டுகள் மற்றவர்களுக்கு.

"இதில் நாங்கள் கையெழுத்து வைக்கமாட்டோம்" என்றாள் பிரெஞ்சில்.

"அப்படியென்றால் போர். உங்களுக்கும் பூச்சியம்தான்" என்றார் தானியேல்.

"இந்தத் தாளிலும் எங்களுக்குப் பூச்சியம்தானே, மிஸ்யூ. இழக்கிறது நீங்கள்தான்."

ஜப்பான் அணியில் இருந்த மாணவி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த நிமிடத்தில்தான் எனக்குப் படம் புரிந்தது. அவளுக்குத் துறைமுகம் தேவையில்லை, ரஷ்யப் போர்க்கப்பல் அங்கே நிற்காமலிருந்தால் போதும். ரஷ்யாவுக்கோ துறைமுகமும் ரயிலும் சேர்ந்தால்தான் முழுப் பலன். இரண்டையும் பிரித்துவிட்டால் எல்லோருக்கும் ஏதோ கொஞ்சம் கிடைக்கும், ஒருவருக்கும் எல்லாம் கிடைக்காது. அக்காவின் காதில் தமிழில் சொன்னேன்.

"ரயில் போடுறதுக்கு விடுவம். துறைமுகம் எங்கட. வியாபாரக் கப்பல் எல்லாம் வரலாம், போர்க்கப்பல் ஒண்டும் வரேலாது."

"ரயில் ஆருக்குச் சொந்தம்?"

"எங்களுக்குத்தான். கட்டுறது அவையள்."

அக்கா அதைப் பிரெஞ்சில் விரித்துச் சொன்னபோது பிரித்தானியா அணியின் வயதான தம்பதி உடனே தலையாட்டினார்கள். ஜப்பான் சம்மதித்தது. ரயில் வந்தால் கொடுத்த கடனும் திரும்பி வரும் என்று பிரான்ஸ் ஒத்துக்கொண்டது. நிலக்கரியைக் காசு கொடுத்து வாங்கலாம் என்றதும் ஜேர்மனியும் அடங்கியது. தானியேல் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துறைமுகத்துக்குப் பத்து வருடக் குத்தகையாவது வேண்டும் என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"பத்து வருசம்தானே அக்கா, குடுத்திடுவமே?"

"உனக்கென்ன விசரே? பத்து வருசத்துக்கு எண்டு வாறவன் போவானே?"

அவள் அசையமாட்டாள் என்று தெரிந்தது. வேறு எதைக் கொடுக்கலாம் என்று வரைபடத்தைத் தடவினேன். ரஷ்யத் தண்டவாளம் மற்ற நாட்டுத் தண்டவாளத்தைவிட அகலம் என்பது ஞாபகம் வந்தது. அரைகுறை பிரெஞ்சில் நானே சொன்னேன். உங்கள் அகலத்திலேயே பாதையைப் போடுங்கள், உங்கள் வண்டி பெட்டி மாறாமல் விளாடிவோஸ்டொக்வரை போகலாம். ஜப்பான் மாணவி எதிர்த்தாள், அந்த வண்டியில் படைவீரர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். சரக்கு வண்டி மட்டும் என்று அக்கா ஒரு வரி சேர்த்தாள். தானியேல் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். பாலம் கட்டும் மனிதருக்குத் தண்டவாளத்தில் ஆசை இருக்காதா? பேனாவைக் கேட்டு வாங்கினார்.

ஆறாவது கையெழுத்து விழுந்தபோது ஐந்துக்குச் சில நிமிடங்களே இருந்தன. மடம் லூசி புள்ளிகளைக் கூட்டினார், ஒருமுறை நிறுத்தினார், மறுபடி கூட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சீனா" என்றார். மண்டபம் முழுவதும் எழுந்து கைதட்டியது. தானியேல்தான் மற்ற எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார். கார்டெரியில் நாள் முழுக்கக் குரலைத் தாழ்த்திப் பேசும் என் அக்கா, கதிரையில் ஏறி நின்று, "திருகோணமலை!" என்று கத்தினாள்.

வெளியே சந்தை மூடும் நேரம். செப்டெம்பரில் போங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். தக்காளி, கத்தரிக்காய், சோளம் எல்லாம் குவிந்து கிடக்கும், கடைக்காரர்கள் துண்டு வெட்டிக் கையில் தருவார்கள். அவித்த சோளத்தை நின்றபடியே தின்றோம். நான் வாழ்க்கையில் சாப்பிட்ட மிக ருசியான சோளம் அதுதான். ஞாயிறு காலை டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் அக்கா ஓர் அர்ச்சனை செய்தாள். யார் பெயருக்கு என்று ஐயர் கேட்டதும் என் பெயரைச் சொன்னாள். அங்கே பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள், காருக்கு ஆள் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இரவு தங்கினால் போதும். விளையாட்டு பெரும்பாலும் பிரெஞ்சில்தான், இடையிடையே ஆங்கிலமும் வரும், தட்டுத் தடுமாறிப் பேசினாலும் பொறுமையாகக் கேட்பார்கள். சொகுசான சப்பாத்துப் போடுங்கள், நாள் முழுக்க மேசைக்கு மேசை நடக்க வேண்டும். உங்களை விட்டுவிட்டு யாராவது கூடினால் வெளியில் நின்று கவலைப்படாமல் உள்ளே போய் உட்காருங்கள். ஒப்பந்தத்தின் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்த வருட வரைபடத்தை அக்கா இப்போதே வரையத் தொடங்கிவிட்டாள். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஒல்லாந்தர், கண்டி அரசன் என்று எல்லாருக்கும் மேசை உண்டு. விருப்பமானவர்கள் வரலாம், எல்லாச் சாம்ராச்சியங்களும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. ஊர்க்காரர் மேசை மட்டும் நிரம்பிவிட்டது. துறைமுகம் வேண்டுமென்றால் எங்களிடம் வந்துதான் கேட்கவேண்டும்.