பல்லக்காவின் கார்

பானெட்டைத் தூக்கி நிறுத்தியதும் பல்லக்கா முதலில் மூச்சை இழுத்து முகர்ந்து பார்ப்பார். பெட்ரோல் வாசனை அளவோடு இருந்தால் ஒரு தலையசைப்பு. எண்ணெய் கருகிய வாடை வந்தால், "நேத்து என்ன தின்னே?" என்று எஞ்சினிடம் ஒரு கேள்வி. பிறகு மேலங்கிப் பையிலிருந்து, பல் மருத்துவர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தக் குட்டிக் கண்ணாடியை எடுப்பார். கை நுழையாத, கண் எட்டாத இடுக்கில் அதை நீட்டி, "ஆ காட்டு" என்பார். யாரிடம் என்று கேட்கக் கூடாது.

அவருடைய தொழில் பொய்ப்பல் செய்வது. பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில், சுண்ணாம்புத் தூசி படிந்த மேசையில் இருபத்தாறு வருடங்களாக உட்கார்ந்திருக்கிறார். வாயில் பொருத்துவது டாக்டர், செய்வது இவர். சுற்றுவட்டாரத்துச் சிரிப்புகளில் பாதி தன் மேசையிலிருந்து போனவை என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. தெருவில் யாராவது வணக்கம் சொல்லிச் சிரித்தால், ஆள் யார் என்று அவருக்குச் சட்டென்று தெரியாது. "மேல்வரிசை நம்ம கைதான்" என்பது மட்டும் தெரியும்.

காருக்கு வயது ஐம்பது. ஜப்பானில் பிறந்தது. நான்கு பேர் ஏறி, அதில் ஒருவர் பெருமூச்சு விட்டால் கண்ணாடியெல்லாம் ஆவி படியும். அவ்வளவு பெரிய கார். நிறம் மஞ்சள் என்று பதிவுப் புத்தகம் சொல்கிறது. வெயில் அதைப் பலமுறை துவைத்துக் காயப்போட்டுவிட்டது. ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் கண்ணைக் கசக்குவார்கள். ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி இறக்கும் கைப்பிடி இரண்டும் இளஞ்சிவப்பு. கியர்க் குமிழ் இளஞ்சிவப்பு. வெயில் மறைப்பைப் பிடித்திருக்கும் கொக்கியும் அதே நிறம்.

"பொய்ப்பல் செய்யுற பொருள் ஈறு நிறத்துலதான் வருது. கறுப்பு ஈறு வேணும்னு என்கிட்ட யாரும் கேட்டதில்ல" என்பார் பல்லக்கா.

பாகங்கள் கிடைக்காத காரை விற்றுத் தொலைக்கலாமே என்று சொன்னவர்கள் உண்டு. "ஒரு பல்லு போச்சுன்னா ஆளையா தூக்கிப் போடுறோம்?" என்று பதில் வரும். உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டுவார், அச்சு எடுப்பார், மெழுகில் வார்ப்பார், ஈறு நிறப் பசையை அச்சில் நிரப்பி வேகவைப்பார். எஞ்சின் பக்கம் மட்டும் அந்தப் பசையைக் கொண்டுபோகமாட்டார். "சூடு படுற இடத்துல பல்லு நிக்காது" என்பது அவர் சட்டம்.

ஒருமுறை தெருமுனை மெக்கானிக், கார்புரேட்டரின் நுண்துளையில் கம்பியை விட்டுக் குடைவதைப் பார்த்துவிட்டு, பல்லக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "குத்தாதீங்க தம்பி. அது ஓட்டை இல்ல, அளவு." பல்லிடுக்கில் விடும் மயிரிழைத் தூரிகையை எடுத்து, பெட்ரோலில் நனைத்து, குழந்தைக்கு மூக்குச் சளி எடுக்கும் பதத்தில் சுத்தம் செய்து கொடுத்தார். மெக்கானிக் அன்றிலிருந்து அந்தத் தூரிகையைத்தான் வைத்திருக்கிறார். அதை யாரிடமும் ஒப்புக்கொள்வதில்லை.

பல்லக்காவின் கணவர் பஸ் ஓட்டுநர். அந்தக் காரை அவர் ஓட்டுவதே இல்லை. "எட்டு மணி நேரம் அம்பது பேரை உக்கார வச்சு ஓட்டுறேன். என்னையும் ஒருத்தர் உக்கார வச்சு ஓட்டட்டும்" என்று பக்கத்து இருக்கையில் சாய்ந்து, தெரு திரும்புவதற்குள் தூங்கிவிடுவார். தூக்கத்திலும் அவர் வலது கால் மட்டும் வேலை பார்க்கும். முன்னால் ஏதாவது வண்டி நின்றால் தரையை ஓங்கி மிதிக்கும். காருக்கு அவர் வைத்த பெயர் சோப்பு டப்பா. பல்லக்கா அதற்குக் கோபித்ததில்லை. பஸ் ஓட்டுகிறவர் கண்ணுக்கு அப்படித்தானே தெரியும்.

இந்த வருடத் தகுதிச் சோதனையில் சோப்பு டப்பா தோற்றுவிட்டது. ஓட்டுநர் காலடியில் தரைத்தகடு அரித்துப்போய் சாலை தெரிந்தது. ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் சரிசெய்து தேறாவிட்டால் எண் பலகையைக் கழற்றி எடுத்துக்கொள்வார்கள்; பிறகு நசுக்கும் ஆலைதான். பல்லக்கா தகடு வெட்டி, பற்றவைத்து, துருத் தடுப்புப் பூசி எல்லாம் முடித்துவிட்டு, தவணையின் கடைசி நாளுக்குச் சோதனை நேரம் வாங்கினார். அந்த ஒரு நாள்தான் காலியாக இருந்தது.

அன்று காலை கணவர் ஒரு நல்ல காரியம் செய்ய நினைத்தார். மனைவி எழுவதற்கு முன் காரைக் கழுவிவைக்கலாம் என்று, மரத்தடியிலிருந்து குழாயடிக்கு நகர்த்தினார். சொந்த வாசலில் பத்தடி தூரம். பழக்க தோஷம், திரும்பும்போது சிக்னல் போட்டார். பஸ்ஸின் முரட்டுத் தண்டுக்குப் பழகிய கை.

பல்லக்கா வெளியே வந்தபோது, கணவர் ஒரு கையில் வாளியும் மறு கையில் சிக்னல் தண்டுமாக நின்றிருந்தார்.

"நான் ஒண்ணும் பண்ணல. கையோட வந்துருச்சு."

"அது எப்படி தானா வரும்?"

"கேட்டாப் போதும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கு."

பல்லக்கா கையை நீட்டினார். தண்டை வாங்கி உடைந்த முனையைப் பார்த்தார். நடுவிரல் நீளம்தான், அடியோடு முறிந்து இரண்டு துண்டு. சிக்னல் இல்லாத கார் சோதனைக் கூடத்தின் வாசலைக்கூடத் தாண்டாது. மூன்று மணிக்கு அலுவலகம் மூடிவிடும். தண்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, காரை எடுக்காமல் வேலைக்கு நடந்தார். கணவர் வாளியோடு பின்னாலேயே தெருமுனை வரை வந்தார். திரும்பிப் பார்த்தால் திட்டிவிடுவோம் என்று பல்லக்கா திரும்பவில்லை.

பின்னறையில் அன்று வேறொரு நெருக்கடி. ஏலம் விடுகிற பெரியவர் ஒருவருக்கு மேல்வரிசைப் பல். மதியம் இரண்டு மணிக்கு அவருக்கு ஏலம். பழைய பல் செட்டு முந்தின நாள் தவறி விழுந்து உடைந்துவிட்டது. பல்லில்லாமல் அவர் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்றால் "ஒயு அயம், எண்டு அயம்" என்றுதான் கேட்கும். எந்தப் பொருள் யாருக்குப் போனது என்று அடிதடியாகிவிடும்.

பல்லை வேகவைக்கும் கொதிநீர்ச் சட்டியில் ஒரு சமயத்தில் அச்சு அடைத்த ஒரு பித்தளைப் பெட்டிதான் வைக்கலாம். வேக ஒன்றரை மணி நேரம். இரண்டு முறை வேகவைக்க நேரமில்லை. பல்லக்கா பெட்டியைத் திறந்து பார்த்தார். பெரியவரின் மேல்தாடைக்குப் பின்னால் கொஞ்சம் காலியிடம் இருந்தது. தண்டை ஒட்டி, அச்செடுத்து, மெழுகில் ஒரு நகல் வார்த்து, நடுவில் எஃகுக் கம்பி வைத்து, அந்தக் காலியிடத்தில் சாய்வாகப் படுக்கவைத்தார். பெட்டியை மூடும் நேரத்தில் டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"பக்கத்துல அது யாரோட பல்லு?"

"நம்ம வீட்டுது டாக்டர்."

"ஒரே பல்லா?"

"ஒண்ணுதான். கொஞ்சம் நீளம்."

டாக்டருக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். மேற்கொண்டு கேட்காமல் போய்விட்டார்.

ஒன்றே கால் மணிக்குப் பெட்டி திறந்தது. மேல்தாடையும் தண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாகப் பிறந்தன. முதலில் தாடையை மெருகேற்றினார். ஆள் முந்தி, கார் பிந்தி என்பதில் அவருக்குக் குழப்பமில்லை. பெரியவர் பல்லை மாட்டி, கண்ணை மூடி, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்றார். சொல் ஒவ்வொன்றும் சுத்தியல் அடித்த மாதிரி விழுந்தது.

"எவ்வளவு கச்சிதமா இருக்கு. ஏதாவது உதவி வேணும்னா கேளும்மா."

"ஒரு உதவி வேணும் ஐயா. டார்ச் பிடிப்பீங்களா?"

காரைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருந்தார் பல்லக்கா; கணவர் அதைக் கழுவி முடித்தாலும் ஓட்டிவரவில்லை. தொடப் பயந்து, அண்டை வீட்டாரை வைத்துத் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுவந்திருந்தார். கோட்டு சூட்டுப் போட்ட ஏலக்காரர் டார்ச் பிடிக்க, பல்லக்கா ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தண்டைப் பொருத்தினார். வேலை முடிந்ததும் பெரியவர் காரைச் சுற்றி வந்தார்.

"இதை விக்கிற எண்ணம் வந்தா என்கிட்ட சொல்லும்மா. நல்லா போகும்."

"பல்லு போட்டு அரைமணி நேரம் ஆகல, அதுக்குள்ள இப்படிப் பேசலாமா ஐயா?"

சோதனைக் கூடத்தில் மணி இரண்டே முக்கால். ஆய்வாளர் இளைஞர், சிரிப்பதற்கு அலுவலகம் தனியாகப் படி தருவதில்லை என்பது போன்ற முகம். தரைத்தகட்டைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பிரேக் சரி. பிறகு உள்ளே குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"சிக்னல் தண்டு சார்."

"அது தெரியுது. என்ன பொருள்?"

"ஈறு சார்."

ஆய்வாளர் பெஞ்சில் இருந்த கணவரைப் பார்த்தார். கணவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஓட்டும்போது உடைஞ்சா?"

"மனுஷன் பத்து வருஷம் கடிச்சு மெல்லுற பொருள் சார். உங்க விரலுக்கு உடையாது."

ஆய்வாளர் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். மேலும் கீழும் இருபது தடவையாவது தட்டினார். தண்டு அசரவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தவர் குரல் கொடுத்தார். "வலது பின் விளக்கு எரியலையே."

பல்லக்கா ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி ஓடி, விளக்கு மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே பழைய பச்சை பூத்திருந்தது. அதன்மேல் காலையில் கழுவிய தண்ணீர். பெஞ்சின் பக்கம் பார்க்காமல், பல் மெருகேற்றும் உப்புத்தாள் நறுக்கை எடுத்து நான்கு தேய்ப்புத் தேய்த்தார். விளக்கு கண்ணைச் சிமிட்டியது.

ஆய்வாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விளக்கு எரிய வேண்டும் என்று இருந்தது. தண்டு எந்தப் பொருளில், எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. முத்திரை விழுந்தது.

கணவர் எழுந்து வந்து, பக்கத்து இருக்கையின் கதவைத் திறக்கப் போனார். பல்லக்கா அந்தக் கதவின் முன் போய் நின்றுகொண்டு சாவியை நீட்டினார்.

"இன்னிக்கு எனக்குக் கை அசந்துருச்சு. நீங்க ஓட்டுங்க."

"நானா? வேணாம்மா. எதையாவது பண்ணிருவேன்."

"ஓட்டுங்கன்னா."

கணவர் முழங்காலை மடக்கி ஏறினார். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினார், கண்ணாடியைச் சரிபார்த்தார், பிறகு மறுபடியும் சரிபார்த்தார். கார் மெல்ல ஊர்ந்து வாசலுக்கு வந்தது. இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் கை ஸ்டியரிங்கை விட்டு, ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு, தண்டை நோக்கிப் போனது. பல்லக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.